சுவரை ஒட்டி அலமாரி செய்யப்போகிறவர்களுக்கு

வீட்டின் ஒரு சுவர் முழுவதையும் தரையிலிருந்து கூரை வரை மறைத்து வார்ட்ரோப் செய்துகொள்ள நினைப்பவர்கள், அந்தச் சுவருக்கு மறுபுறம் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். இந்த ஒரு வரியை 2019-இல் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், ஏறக்குறைய நான்கு லட்சம் ரூபாயும், அம்மாவின் பட்டுப்புடவைகளில் பாதியும், எங்கள் குடும்பத்தின் பழைய புகைப்படங்களில் பெரும்பகுதியும் இன்று என்னிடம் இருந்திருக்கும். கணவர் காலமான பிறகு நான் தனியாக இருக்கிறேன். மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். யாரிடம் கேட்பது, எதை முதலில் செய்வது என்று தெரியாமல் ஒரு தை மாதத்திலிருந்து ஆடி வரை அலைந்தேன். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவற்றை, என்னைப் போல் தனியாக வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதற்காக முழுமையாக எழுதுகிறேன்.

சென்னை மடிப்பாக்கத்தில், இரண்டாம் மாடியில், புதிதாகக் கட்டிய குடியிருப்பில் என் வீடு இருக்கிறது. நான் சாவி வாங்கிய அதே ஆண்டில் வலங்கைமான் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அம்மாவின் வீட்டை விற்க நேர்ந்ததால், அங்கிருந்தவற்றில் விட மனம் வராதவை அனைத்தும் இங்கே வந்து சேர்ந்தன. இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டில் அவ்வளவையும் வைக்க ஒரே வழி சுவர்களைப் பயன்படுத்திக்கொள்வதுதான் என்று உள் அலங்கார வேலை செய்யும் நிறுவனம் ஒன்று சொன்னது. இரண்டு அறைகளிலும் சுவருக்குச் சுவர், மேலே லாஃப்ட் வரை மூடிய வார்ட்ரோப். விலை மூன்று லட்சத்து இருபதாயிரம் ரூபாய். அதில் பெரியது, குளியலறைக்கும் கிழக்குப் பார்த்த வெளிச்சுவருக்கும் இடைப்பட்ட மூலையை அடைத்துக்கொண்டு நின்றது. கரையான் வருமா என்று நான் கேட்டபோது, வேலையை மேற்பார்வை செய்த இளைஞர், "செகண்ட் ஃப்ளோருக்கெல்லாம் கரையான் வராது மேடம், இது இன்ஜினியர்டு வுட், பத்து வருஷம் வாரண்டி" என்று உறுதியாகச் சொன்னார். கட்டடம் கட்டியவரின் அலுவலகத்திலும் இதையே சொன்னார்கள்.

அந்த உறுதிமொழிகளில் எது எவ்வளவு உண்மை என்பதற்கு முன், அம்மாவின் வீட்டில் பொருள்கள் எப்படி இருந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன். இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. என் வார்ட்ரோப் ஏன் வீணானது என்பது அந்த வீட்டை நினைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கூடத்தை அடுத்த அறையில் நெல் கொட்டும் பத்தாயம் இருந்தது. கனமான பலகைச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தது. அடியில் நெல் எடுப்பதற்கு ஒரு சிறிய வாய். அது தரையில் படாமல் கருங்கல் துண்டுகளின் மேல் நின்றது. அதற்கும் சுவருக்கும் இடையே ஓர் ஆள் விளக்கோடு நுழைந்து சுற்றி வரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். சிறு வயதில் நாங்கள் ஒளிந்து விளையாடியது அந்தச் சந்தில்தான். அடுப்படிக்கு மேலே இருந்த பரணில் விதைக்கு வைத்த காய்களும், புளிப் பானைகளும், கொலு பொம்மைப் பெட்டியும் இருக்கும். விறகடுப்பின் புகை நாள்தோறும் அந்தப் பரண் வழியாகத்தான் வெளியேறும் என்பதால் அங்கே ஈரமும் பூச்சியும் தங்கியதில்லை. துணிமணிகள் இருந்த தேக்குப் பெட்டிக்கு அடியில் நான்கு மரச்சக்கரங்கள் இருந்தன. தகர டிரங்குப் பெட்டிகள் ஒரு பெஞ்சின் மேல் வரிசையாக இருந்தன. சுவரிலேயே இருந்த அலமாரிகளில் மரம் கதவுக்கு மட்டுமே பயன்பட்டது, தட்டுகள் கடப்பாக்கல்.

பின்னாளில் வந்த இரும்பு பீரோவுக்கும் கால்கள் இருந்தன. கோத்ரெஜ் நிறுவனம் எஃகு பீரோக்களைச் செய்யத் தொடங்கியது 1923-இல். நம் வீடுகளில் மரப்பெட்டிகளின் இடத்தை அது பிடித்ததற்குப் பூட்டின் உறுதி ஒரு காரணம் என்றால், கரையானுக்கு அதில் உணவில்லை என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். அம்மா வீட்டு பீரோவுக்குப் பின்னாலும் விளக்குமாறு நுழையும் இடைவெளி இருந்தது.

இடைவெளியைப் போலவே முக்கியமான இன்னொன்றும் அந்த வீட்டில் இருந்தது. எல்லாப் பொருளையும் வெளியே எடுத்துப் பார்ப்பதற்கென்று நாள்கள் இருந்தன. போகிக்கு முன்பு பரண் காலியாகும். நவராத்திரிக்கு பொம்மைப் பெட்டி இறங்கும். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்கள் தூசு தட்டப்படும். அறுவடைக்கு முன் பத்தாயம் வழித்துத் துடைக்கப்படும். மழை முடிந்த வெயிலில் பட்டுப்புடவைகள் தாழ்வாரத்து நிழலில் உலர்ந்து, மடிப்பு மாற்றப்பட்டு உள்ளே போகும். மூலைமுடுக்கில் கரையான் வந்திருந்தால் ஓராண்டுக்குள் யாராவது ஒருவர் கண்ணில் அது பட்டே தீரும். சுவரோடு திருகி, பக்கங்களைச் சிலிக்கான் பசையால் அடைத்த என் வார்ட்ரோப்பின் பின்புறத்தை, அது செய்யப்பட்ட நாளிலிருந்து பிரிக்கப்பட்ட நாள் வரை யாரும் பார்த்திருக்க முடியாது.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியதைத் தென்சென்னையில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் தெருவில் வண்டிகள் முழுகின, மின்சாரம் இல்லை. இரண்டாம் மாடியில் இருந்த எனக்கு அப்போது சேதம் ஒன்றும் தெரியவில்லை. தை பிறந்த பிறகு படுக்கையறையில் மக்கிய வாடை வரத் தொடங்கியது. முதலில் குளியலறையைச் சந்தேகித்தேன். பிறகு வார்ட்ரோப்பின் ஒரு கதவு தொங்கியது. அதைச் சரிசெய்ய வந்த தச்சர் கீலைத் தொட்டதும் திருகாணி மரத்தூளோடு கையில் வந்தது. அவர் பக்கப் பலகையை விரலால் அழுத்திப் பார்த்தார். வெளியே பளபளப்பாக இருந்த மைக்காவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, விரல் உள்ளே போய்விட்டது. "அம்மா, எதையும் கலைக்காதீங்க, முதல்ல மருந்து அடிக்கிறவங்க வந்து பார்க்கட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். பதற்றத்தில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டால் கண்ணெதிரே உள்ளவை சாகும். மற்றவை வழியை மாற்றிக்கொண்டு வேறு சுவரில் கிளம்பும். அவை எந்த இடத்திலிருந்து வந்தன என்பதும் தெரியாமல் போகும்.

அன்று மாலை மேல் தட்டுகளைத் திறந்து பார்த்ததை இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது. லாஃப்ட் மூலையில் இருந்த ஆல்பங்களின் முதுகுப்புறம் மண்ணாகியிருந்தது. தாத்தா, பாட்டியின் ஸ்டூடியோப் படம் தடித்த அட்டையில் ஒட்டியது. அட்டையோடு சேர்ந்து முகங்களும் போய்விட்டன. கரையான் தின்பது தாவர நார்ப்பொருளான செல்லுலோசை. காகிதம், அட்டை, பருத்தி எல்லாம் அதற்கு உணவு. பட்டு புரத இழை; அது கரையானுக்கு உணவன்று என்றாலும், வழியில் இருந்ததால் சில புடவைகளை ஊடுருவிச் சென்றிருந்தது. மீதியைக் கெடுத்தது பூஞ்சை. கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறைகளிலேயே அவற்றை வைத்திருக்கச் சொல்லி எல்லாரும் பழக்கியிருக்கிறார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர அந்த உறைகளில் வழியில்லை. பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வைத்திருந்த இரண்டு கூறைப்புடவைகள் தப்பின. நான் அன்றிரவு அழுதேன். மகனிடம் மூன்று நாள் வரை சொல்லவில்லை. அவன் அங்கிருந்து என்ன செய்ய முடியும் என்று தோன்றியது. இப்படி நேர்ந்தால் உடனே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். அடுத்து எடுக்க வேண்டிய முடிவுகளை நிதானமாக எடுக்க இன்னொரு மனிதர் தேவை.

இரண்டாம் மாடிக்குக் கரையான் எப்படி வந்தது என்பதை மருந்தடிக்க வந்தவர் காட்டினார். தரையடியில் வாழும் கரையானுக்கு வேண்டியவை ஈரமும் இருட்டும்தான். உயரம் அதற்குத் தடையே அன்று. குளியலறைக் குழாய்கள் இறங்கும் டக்டிலும், சுவருக்குள் புதைத்த மின்கம்பிக் குழாய்களிலும் மண் பூசி ஏறி வந்திருந்தது. வெளிச்சுவரில் பூச்சு விரிந்து மழைநீர் உள்ளே இறங்கியிருந்தது. மறுபக்கம் குளியலறை ஓடுகளுக்குப் பின்னால் கசிவு. இரண்டு ஈரச்சுவர்களுக்கு நடுவே காற்றில்லாத ஓர் இருட்டறையை நாம் பணம் கொடுத்துச் செய்து வைக்கிறோம். அதற்கு முந்தைய ஆண்டு மழையில் விளக்கைச் சுற்றி ஈசல் வந்தபோது சன்னல் வழியாக வந்தது என்றே நினைத்தேன். யாருமே அப்படித்தான் நினைப்பார்கள். ஈசலின் இறகுகள் சன்னலடியில் கிடந்தாலும் அலட்சியமாக இருக்கக் கூடாது, வீட்டுக்குள் கிளம்பிய ஈசலும் வெளிச்சத்தைத் தேடிச் சன்னலுக்குத்தான் போகும். அலமாரியின் அடியிலோ மூடிய அறையின் மூலையிலோ குவியலாகக் கிடந்தால், ஈசல் பெரும்பாலும் கட்டடத்துக்குள்ளிருந்தே கிளம்பியிருக்கும் என அவர் விளக்கினார். அதேபோல், மண்கோடு தெரிந்தால் கரையான்; மரத்தின் சிறு துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் கொட்டினால் அது வண்டு; அதற்கு மருந்து முறை வேறு.

மருந்து முறையைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. கட்டி முடித்த கட்டடங்களுக்கான கரையான் தடுப்புக்கு ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர நிர்ணயத்தில் தனிப் பகுதியே இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் விளிம்பில் ஏறக்குறைய ஓர் அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளையிட்டு மருந்தைச் செலுத்தி அடைக்க வேண்டும். பலகையின் மேல் தெளித்துவிட்டுப் போவதாகச் சொல்பவர்களை அனுப்பிவிடுங்கள். துளை எங்கே போடுவார்கள், என்ன மருந்து, எத்தனை ஆண்டு இலவசமாக வந்து பார்ப்பார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். எனக்கு இதற்குப் பதினோராயிரம் ரூபாய் ஆனது. என் வீட்டுக்கு மட்டும் அடித்தால் போதாது, கீழ் வீடுகளுக்கும் டக்டுக்கும் அடிக்க வேண்டும் என்று குடியிருப்புச் சங்கத்தைச் சம்மதிக்க வைக்க மாசி, பங்குனி இரண்டும் கழிந்தன.

வார்ட்ரோப் செய்த நிறுவனம் பத்து ஆண்டு உத்தரவாதத்தின் பின்பக்கத்தை எடுத்துக் காட்டியது. தண்ணீர், ஈரப்பதம், பூச்சி ஆகியவற்றால் வரும் சேதம் அதில் அடங்காது என்று சிறிய எழுத்தில் இருந்தது. கீல், இழுப்பறைத் தண்டவாளம் போன்ற உலோக பாகங்களுக்குத்தான் உண்மையில் அந்தப் பத்தாண்டு. 'இன்ஜினியர்டு வுட்' என்று எனக்குச் சொல்லப்பட்டது பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரச்சில்லுகளையும் தூளையும் பசையோடு அழுத்திய பலகை. விளிம்பில் ஒட்டிய பட்டை பிரிந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் அது உப்பிவிடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. ஆகவே விலைப்பட்டியலில் பொதுப்பெயரை ஏற்காதீர்கள். பலகையின் வகை, தடிமன், தர எண் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்ற தரத்தின்கீழ் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். என இரண்டு வகை உண்டு. முன்னது ஓரளவு ஈரத்தைத் தாங்கும், பின்னது கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும். கடைக்காரர்கள் '710' என்று சொல்வது ஐ.எஸ். 710 தரத்து மரைன் பிளைவுட். அதன் மாதிரியை 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிக்க வேண்டும் என்பது விதி. பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உரிம எண் அச்சிட்டிருக்கும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உரிமம் உண்மையா, யாருடையது என்று தெரிந்துவிடும். மைக்கா ஒட்டுவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். ஒட்டிய பிறகு எல்லாப் பலகையும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கட்டடம் கட்டியவரிடமிருந்து எனக்குக் கிடைத்த நியாயம் ஒரு பதிவு அஞ்சலால் வந்தது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் (2016) 14(3)-ஆம் பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறைபாட்டையோ வேலைத்தரக் குறைபாட்டையோ தெரிவித்தால், 30 நாள்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. தவறினால் இழப்பீடு கேட்கலாம். சங்கத்துச் செயலாளர் ஒருவர் இதைச் சொன்ன நாளில் எனக்கு ஐந்து ஆண்டு முடியச் சில வாரங்களே இருந்தன. தொலைபேசியில் அதுவரை நான் பேசிய பேச்சுக்கெல்லாம் பயனில்லாமல் இருந்தது. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, படங்களை இணைத்து எழுதிய கடிதத்துக்குப் பிறகு சாரம் கட்டி வெளிச்சுவரைப் பூசிக் கொடுத்தார்கள். வார்ட்ரோப் இழப்புக்கு ஒன்றும் தரவில்லை. ஒப்படைப்பு நாள் எது என்பதை உங்கள் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். ஐந்தாம் ஆண்டு முடிவதற்கு முன்பு ஒரு மழைக்காலத்தில் எல்லாச் சுவரையும் நன்றாகப் பாருங்கள். குளியலறை ஓடுகளைப் பெயர்த்துக் கசிவை அடைக்க என் கையிலிருந்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய் போனது.

சேதமான பொருள்களில் சிலவற்றைக் காப்பாற்ற முடிந்தது. இதில் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், எதையும் குப்பையில் போடக் கூடாது என்பது. அம்மா ஓர் உறையில் வைத்திருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் அரைகுறையாக இருந்தன. ரிசர்வ் வங்கி விதிப்படி ஐம்பதும் அதற்கு மேலும் மதிப்புள்ள நோட்டில், கிழிபடாத ஒரே துண்டு 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் முழு மதிப்பும், 40 முதல் 80 விழுக்காடு வரை இருந்தால் பாதியும் கிடைக்கும். வங்கிக் கிளையிலேயே மாற்றிக் கொடுத்தார்கள். அம்மா பெயரில் இருந்த மனைப் பத்திரத்தின் ஓரங்கள் போய்விட்டிருந்தன. ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றும் தெரிந்ததால், பதிவுத் துறையின் இணையதளம் வழியாகச் சான்றிட்ட நகல் வாங்க முடிந்தது. இந்த மூன்று விவரங்களையும் பத்திரத்தில் மட்டும் வைத்திருக்காமல் வேறோர் இடத்திலும் எழுதி வையுங்கள். நகல் வந்தாலும் மூலத்தின் எச்சத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முற்றிலும் காணாமல் போனால் காவல் நிலையப் புகார், பத்திரிகை விளம்பரம் என்று வேறு பாதையில் போக வேண்டியிருக்கும். கையில் கொஞ்சமாவது இருந்தால் அந்தத் தொல்லை குறையும்.

ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட படங்களை இழுத்துப் பிரிக்கவே கூடாது. அச்சிட்ட புகைப்படங்களைச் சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவிட்டால் பெரும்பாலும் தாமாகவே விலகும். படத்தின் முகம் மேலே இருக்கும்படி நிழலில் உலர்த்த வேண்டும். அன்றே செய்ய முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் இட்டு உறையவைத்தால் பூஞ்சை மேலும் பரவாது. இப்படி மீட்டவற்றை எல்லாம் ஸ்கேன் செய்து மகனுக்கும் தங்கைக்கும் அனுப்பிவிட்டேன். இனி ஒரு வீட்டின் ஒரு மூலையை நம்பி அவை இல்லை. பூஞ்சை பிடித்த துணியை வீட்டுக்குள் உதறாமல் மொட்டைமாடியில், மூக்கை மூடிக்கொண்டு, மென்மையான தூரிகையால் துடையுங்கள்.

பாச்சை உருண்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் எனக்குச் சொன்ன முதல் யோசனை அதுதான். நாப்தலீன் உருண்டை கரையானையும் தடுக்காது, ஈரத்தையும் உறிஞ்சாது. அதைவிட முக்கியமானது: நம் வீடுகளில் பழைய குழந்தைச் சட்டைகளையும் மென்மையான பழைய புடவைத் துணிகளையும் எடுத்து வைத்து அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குப் பயன்படுத்துகிறோம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பச்சிளம் குழந்தைக்கு, நாப்தலீன் ஏறிய துணியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடுமையான மஞ்சள்காமாலை வரக்கூடும். குழந்தைக்கான துணி உள்ள தட்டில் அதை வைக்கவே வைக்காதீர்கள். ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பைகளோ கால்சியம் குளோரைடு டப்பாக்களோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பயன்படும். சுவர் கசிந்தால் அவற்றாலும் பயனில்லை.

இப்போது என் வீட்டில் அந்த மூலை காலியாக இருக்கிறது. வெளிச்சுவரிலும் குளியலறைச் சுவரிலும் எதையும் ஒட்டவில்லை. கால் வைத்த இரும்பு பீரோ ஒன்று, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. பட்டும் ஆவணங்களும் அதில். இரண்டு அறைகளுக்கும் பொதுவான உட்சுவரில் மட்டும் '710' பலகையில் சிறிய அலமாரி செய்தோம். அடியில் நான்கு அங்குலக் கிரானைட் பீடம், கதவுகளில் மேலும் கீழும் காற்று நுழையும் சட்டம், பலகையின் எல்லா விளிம்புக்கும், வெட்டி மறைத்த விளிம்புகள் உட்பட, ஒட்டுப்பட்டை. லாஃப்ட்டில் மரமே கிடையாது. கட்டடத்தோடு வந்த கான்கிரீட் தட்டும் அதற்கு ஒரு திரையும். அங்கே இருப்பவை பாத்திரங்கள், பொம்மைகள் மட்டும். காகிதம் ஒன்றும் இல்லை. போகிக்கும் நவராத்திரிக்கும் எல்லாம் கீழே இறங்குகின்றன. தூக்கி இறக்க ஓர் ஆளுக்குக் கூலி கொடுக்கிறேன். புது பீரோவுக்கும் அலமாரிக்கும் சேர்த்து ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் ரூபாய் ஆயிற்று. அலமாரியின் பின்பலகையைப் பசையின்றித் திருகாணியால் மட்டும் பொருத்தி, வேண்டும்போது கழற்றிப் பார்க்கும்படி செய்து தரச் சொன்னேன். அதற்காகத் தச்சர் கூடுதலாகக் கேட்டது இரண்டாயிரம் ரூபாய்.